செயலியில் துணை தேடலாமா?

கேள்வி: மணமுறிவு பெற்ற எனக்கு வயது 34. டேட்டிங் செயலியில் துணை தேடலாம் என்கிறார் தோழி, அம்மாவோ அஞ்சுகிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோவை.

பதில்: தேடலாம், சகோதரி. தரகர் கொண்டுவரும் ஜாதகக் கட்டில் மணமுறிவு பெற்ற பெண்ணுக்கென்று வரும் வரன்கள் மிகச் சிலவே. 2012-இல் டின்டர் வந்த பிறகு பரவிய இத்தகைய செயலிகளிலோ, உறவினர் பேச்சு குறுக்கிடாமல், முதல் திருமணத்தைப் பற்றி எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். இந்த உரிமையை நான் சிறிதாக எண்ணவில்லை.

ஆனால், அங்கே ஒருவர் தம்மைப் பற்றி எழுதுவதை விசாரித்துச் சொல்ல அக்கம்பக்கத்தார் எவரும் இல்லை. வெளிநாட்டு மருத்துவர் என்று அறிமுகமாகி, வாரக்கணக்கில் கனிவாகப் பேசி, வீடியோ அழைப்பை மட்டும் ஏதேனும் காரணம் சொல்லித் தட்டிக்கழித்து, பிறகு 'உங்களுக்கு அனுப்பிய நகைப் பார்சல் டெல்லி விமான நிலையச் சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்டுங்கள்' என்று ஒரு தனிநபரின் வங்கிக் கணக்கைக் கொடுப்பது பலரை ஏமாற்றிய உத்தி. சுங்கத்துறை அவ்வாறு பணம் கேட்பதே இல்லை. ஒருவேளை பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் உதவி எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால்தான் தொகையை முடக்கும் வாய்ப்பு உண்டு.

அந்தரங்கப் படம் எதையும் அனுப்பாதீர்கள். முதல் சந்திப்பைப் பகலில், ஆள்நடமாட்டமுள்ள இடத்தில், தோழிக்குச் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடமும் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.