நடவுக் கூலி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரே நாளில் ஒரே வயலில் இறங்கினாலும் ஆணுக்குக் கிடைக்கும் கூலி பெண்ணுக்குக் கிடைப்பதில்லை என்று காவிரி டெல்டாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீடாமங்கலம் பக்கம் எங்களுக்கு ஒரு வேலி நிலம், அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல், இருக்கிறது. ஆண்கள் நாற்றுப் பறித்து முடிகளாக, அதாவது சிறு கட்டுகளாக, கட்டிச் சுமக்கிறார்கள், வரப்பு வெட்டுகிறார்கள்; பெண்கள் நடுகிறார்கள். வேலை வேறு, ஆகவே கூலியும் வேறு. சம ஊதியச் சட்டத்தை இங்கே யாரும் மீறவில்லை. நூறு நாள் வேலை வந்த பிறகு நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை என்பதையும் நீங்கள் எழுதியிருக்கவேண்டும்.

ர.

அன்புள்ள ர.,

‘வேலை வேறு’ என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் சம கூலி கேட்டது. திறனும் உழைப்பும் பொறுப்பும் ஒத்திருக்கின்றனவா என்பது அதன் அளவுகோல். நம் வயல்களிலோ ஆணும் பெண்ணும் ஒரே வேலையைச் செய்யும் நிலையே பெரும்பாலும் வருவதில்லை. வேலையை முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. கூலி கொடுப்பவர் சட்டத்தை மீறவேண்டிய தேவையும் எழுவதில்லை.

சரி, ஒப்பிட்டே பார்ப்போம். சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு காலையில் சேற்றில் இறங்கும் பெண், இடக்கையில் பிரித்த முடியோடு, வலக்கைக் கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் நாற்றை ஊன்றியபடி, குனிந்த முதுகை நிமிர்த்தாமல் பின்னோக்கியே நகர்கிறாள். ஆழமாகப் போனால் பயிர் தூர் கட்டாது, மேலாக வைத்தால் தண்ணீரில் மிதந்துவிடும். அந்த ஆழம் அவள் விரலுக்குத்தான் தெரியும். நடவு முடியும் நாட்களில் அவர்கள் காலில் மருதாணியைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்ததென்று நானும் சிறுவயதில் நினைத்திருந்தேன், அது சேற்றுப்புண்ணுக்கு அரைத்துப் போட்டது. நல்ல கை உள்ள நடவாட்களை இரண்டு வாரம் முன்பே சொல்லிவைக்கும் நாம், கூலி கொடுக்கும்போது மட்டும் அது திறன் தேவைப்படாத வேலை என்று சொல்லிவிடுகிறோம்.

இந்த வேறுபாடு நேற்று வந்ததல்ல. தஞ்சைப் பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952இல் கொண்டுவரப்பட்ட சட்டமே ஆணுக்கு ஓர் அளவும் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த அளவும் நெல் என்றுதான் வகுத்தது. பாதுகாப்புச் சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தபோது மிராசுதாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

நூறு நாள் வேலையைப் பற்றி. 2006இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் அடுத்த ஆண்டு தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களுக்கும் அந்தத் திட்டம் வந்தது. வாய்க்கால் தூர்வாரும் இடத்தில் கணவன் பெயருக்கும் மனைவி பெயருக்கும் ஒரே கூலிவிகிதம் என்பது இங்குள்ள பல குடும்பங்களுக்கு அதற்கு முன் பழக்கமில்லாதது. அந்த விகிதத்தைப் பார்த்துவிட்ட பெண் நடவுக்குப் பழைய கூலியைச் சொன்னால் தயங்கத்தான் செய்வாள். ஆனால் அவள் வீட்டில் சும்மா இருக்கவும் முடியாது. கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, குழுக் கடனின் வாரத் தவணையோ கிழமை தவறாமல் வரும். அதனால்தான் கடைசியில் நீங்கள் சொல்லும் கூலிக்கே அவள் வந்துவிடுகிறாள்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. குறுவைக்கு மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளையும், கொள்முதல் நிலைய வாசலில் நெல் நனைந்த ஆண்டுகளையும் நானும் பார்த்தவன். என்றாலும் செலவைக் குறைக்க வேண்டிவரும்போது அறுவடை இயந்திரத்தின் மணி வாடகையைப் பாதியாக்கக் கேட்கும் துணிச்சல் நமக்கு வருவதில்லை, நடவாளிடம் வருகிறது. இப்போது நாற்றைப் பாய் போல வளர்த்தெடுக்கும் பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் வந்திருக்கின்றன. இயந்திரத்தை ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண். இயந்திரம் விட்டுப்போன மூலைகளில் நாற்று ஊன்றுவது அதே பெண்கள். இங்கேயும் வேலை வேறு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கணக்கு நோட்டை அம்மாதான் எழுதுவாள். ‘ஆள் 4’ என்று ஒரு வரி, அதன் கீழே ‘நடவாள் 14’ என்று இன்னொரு வரி, எதிரில் சிறிய தொகை. ஆள் என்றாலே ஆண்தான். பெண்ணை எழுத முன்னால் ஒரு சொல் வேண்டியிருந்தது. பல வருடங்கள் அந்த நோட்டை எழுதிய அம்மாவின் பெயரில் ஒரு மா, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஏக்கர், நிலம்கூட இருந்ததில்லை என்பது அவள் இறந்த பிறகு பட்டாவைப் பார்த்தபோதுதான் என் மனத்தில் பட்டது.

உங்கள் வீட்டு நோட்டில் அந்த இரண்டு வரிகளும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுதுங்கள்.