மதமில்லாத தோழியருடன் லண்டனில் ஒரு மகள்

கேள்வி: கோணேசர் கோயிலுக்குக் கைபிடித்து அழைத்துச் சென்று நான் வளர்த்த என் மகள் மேற்படிப்புக்காக லண்டன் சென்றிருக்கிறாள். அங்கே ஆண்டு முழுவதும் மழையும் மூடுபனியும்தான் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, அவளுடன் ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரு பெண்களும் எந்த மதத்தையும் சேராதவர்கள் என்பது. கடவுள் பயம் இல்லாதவர்களிடம் ஒழுக்கம் எப்படி இருக்கும்? வீட்டை மாற்றச் சொல்லலாமா?
— ஒரு தந்தை, உப்புவெளி, திருகோணமலை

பதில்: மழையை முதலில் பார்த்துவிடுவோம். லண்டனில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 600 மில்லிமீற்றர். திருகோணமலையில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் பெய்கிறது. நமக்கு அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிட, அங்கே அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் காற்று அதைத் தூறல் தூறலாக எல்லா மாதங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதால், ஓயாத மழை என்ற எண்ணம் உண்டாகிறது. பேர்போன லண்டன் மூடுபனியில் பெரும்பங்கு நிலக்கரிப் புகையே. 1952 டிசம்பரில் அது ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட பின்னர், 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. எப்போதும் குளிர் என்பதும் சரியன்று: 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கொனிங்ஸ்பியில் 40.3 பாகை செல்சியஸ் பதிவாகியது. உங்கள் மகளைச் சோர்வடையச் செய்யக்கூடியது டிசம்பர் இருட்டு. அந்த மாதத்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அந்நாட்களில் அவளோடு அடிக்கடி பேசுங்கள்.

இனி உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 சதவீதத்தினர் தமக்கு மதமில்லை என்று பதிந்திருக்கிறார்கள். ஒழுக்கத்துக்கு மதம் மட்டுமே ஆதாரமென்றால், மூன்றில் ஒருவருக்கு மேல் நம்பத்தகாதவராய் உள்ள அந்தச் சமூகம் ஒருநாளும் நிலைத்திருக்க முடியாது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் நாட்டில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஏபிரகாம் கோவூர் கடவுளை நம்பாதவர். மந்திரம், சூனியம் என்று ஏழைகளை ஏமாற்றியவர்களை எதிர்ப்பதில் தம் முதுமைக் காலத்தைச் செலவிட்டவர். மறுமையில் எந்தப் பலனையும் எதிர்பாராத ஒருவர் பிறர் ஏமாறக்கூடாதென்று பாடுபட்டதை ஒழுக்கமன்றி வேறென்னவென்று சொல்வது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1968 இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டு, சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினார்கள். வாசலில் நின்று மறித்தவர்களும் முருகனைக் கும்பிட்டவர்கள்தான். உள்ளே செல்ல விரும்பிய பக்தர்களும் அதே முருகனைத்தான் கும்பிட்டார்கள். எது நியாயம் என்பதை அன்று தீர்மானித்தது பக்தியாக இருந்திருக்க முடியாது. சக மனிதரை இழிவுபடுத்துவது தவறு என்ற உணர்வே அதைத் தீர்மானித்தது. அந்த உணர்வு, வளர்த்தவர்களின் அன்பிலிருந்தும், பட்ட வலியிலிருந்தும், ஒருவரையொருவர் நம்பாமல் கூடிவாழ முடியாது என்ற அனுபவத்திலிருந்தும் வருவது. மதம் அதை வளர்க்கலாம். பல வீடுகளில் மிக நன்றாகவே வளர்த்திருக்கிறது. கோணேசர் கோயிலுக்கு மகளைக் கைபிடித்து அழைத்துச் சென்ற உங்கள் பழக்கத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் களவெடுக்காமல் இருப்பவரைவிட, பறிகொடுத்தவரின் துயரை எண்ணி எடுக்காமல் இருப்பவரையே நான் அதிகம் நம்புவேன், அவர் கோயிலுக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

ஆகவே, ஐயா, வீட்டை மாற்றச் சொல்வதற்கு முன் மகளிடம் சில கேள்விகள் கேளுங்கள். அந்தப் பெண்கள் வாடகைப் பங்கை ஒழுங்காகக் கொடுக்கிறார்களா? இவளுக்குக் காய்ச்சல் வந்தால் கவனிக்கிறார்களா? இவள் விளக்கேற்றிக் கும்பிடுவதை மதிக்கிறார்களா? ஆம் என்று அவள் சொன்னால், அந்த வீட்டிலேயே இருக்கட்டும். இல்லையென்றால், தோழியர் எந்த மதத்தவராயினும் வேறு வீடு பார்க்கச் சொல்லுங்கள்.