ஆலை மூடியதற்கு யார் பொறுப்பு என்ற சண்டையும் உங்கள் கைக்கு வர வேண்டிய பணமும்

கேள்வி: கும்பகோணத்தை அடுத்த ஒரு நூற்பாலையில், ரிங் பிரேம் பிரிவில் 19 ஆண்டுகள் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தேன். மொத்தம் 160 பேர் வேலை பார்த்தோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 14,300 ரூபாய். 2021 தொடக்கத்தில் போனஸ் கேட்டு 40 நாள் வேலைநிறுத்தம் செய்தோம். 2022 ஆகஸ்டில் ஆலையை மூடிவிட்டார்கள். கடைசி ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. 2025 டிசம்பரில் நிறுவனத்தைக் கலைக்க, அதாவது சொத்தை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிட, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டிருக்கிறது. ‘ஆலையைக் கெடுத்தது உங்கள் சங்கம்தான், மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கிடையாது’ என்கிறார் பழைய மேலாளர். ‘கேஸ் நடக்கிறது, யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்’ என்கிறார் சங்கத் தலைவர். 5,000 ரூபாய் கொடுத்தால் பி.எஃப். முதல் எல்லாவற்றையும் வாங்கித் தருவதாக ஒருவர் வீடு வீடாக வருகிறார். எங்கள் பக்கமும் தவறு இருப்பதால் பணம் குறையுமா?

பதில்: குறையாது. வேலைநிறுத்தம் நடந்த 40 நாட்களுக்கான கூலியை மட்டும் நீங்கள் மறந்துவிட வேண்டும். மற்றபடி, ஆலை நொடித்ததில் சங்கத்தின் பங்கு எவ்வளவு, நிர்வாகத்தின் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த விகிதத்தில் தொழிலாளியின் நிலுவையை வெட்டும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை.

தவறு இரு பக்கமும் இருந்தது என்று நீங்கள் எழுதியிருப்பது நேர்மையானது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நீங்கள் அனுப்பியிருக்கும் 2019ஆம் ஆண்டின் 12(3) ஒப்பந்தம், அதாவது தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் போட்டது, மூன்று ஆண்டுகளுக்கு உரியது. அதன் கடைசிப் பத்தியில், போனஸ் கோரிக்கையும் இத்துடன் முடிவுற்றது என்று சங்கத் தலைவரே கையெழுத்திட்டிருக்கிறார். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது அதில் அடங்கிய ஒன்றுக்காகச் செய்யும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது. அதைத் தலைவர் வாயிற்கூட்டத்தில் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மறுபக்கம், சம்பளச் சீட்டில் பி.எஃப். பிடித்தம் காட்டிவிட்டு அதைச் செலுத்தாமல் வைத்துக்கொண்டதும், மின்கட்டண பாக்கியில் இணைப்புத் துண்டிக்கப்படும் வரை வாய் திறக்காமல் இருந்ததும் நிர்வாகத்தின் செயல்கள். போதாக்குறைக்கு, 2022 மே மாதத்தில் ஒரு கண்டிப் பஞ்சின் விலை, அதாவது 356 கிலோவின் விலை, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அப்போது தமிழ்நாட்டில் நல்ல நிலையில் இருந்த மில்களே உற்பத்தியை நிறுத்தின. கையிருப்பு இல்லாத ஆலை தாங்கியிருக்காது.

பழி சொல்லும்போது எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. தென்னிந்திய ரயில்வேயின் நாகப்பட்டினம் பணிமனை திருச்சி பொன்மலைக்குப் போனதையும் 1928 ஜூலை வேலைநிறுத்தத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்கள் நம் பகுதியில் இன்றும் உண்டு. ஆட்குறைப்பு முடிவு முதலில் வந்தது. அதை எதிர்த்துத்தான் வேலைநிறுத்தம் எழுந்து, தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். உங்கள் ஆலையிலும் தேதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். 2021 மார்ச்சுக்குள் நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆலை ஓடியிருக்கிறது.

மேலாளர் சொல்லும் ‘மூன்று மாதம்’ எங்கிருந்து வருகிறது என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் டெல்டாவில் மூடப்படும் எந்த ஆலையிலும் இந்த ஒரு வரியைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். உங்கள் ஆலை மூடப்பட்டபோது நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டப்படி, ஆலை மூடப்பட்டால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அது தோராயமாக 1,35,850 ரூபாய். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முதலாளியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட, தவிர்க்கவே முடியாத சூழ்நிலையால் ஆலை மூடப்பட்டிருந்தால் இழப்பீடு மூன்று மாதச் சம்பளத்தைத் தாண்டாது. உங்களுக்கு 42,900 ரூபாய்தான். மேலாளர் இந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார். அதே பிரிவின் விளக்கக் குறிப்பு, நட்டம் உள்ளிட்ட பண நெருக்கடி, விற்காமல் தேங்கிய சரக்கு, குத்தகையோ உரிமமோ முடிந்துபோவது ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி அதைத் தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று சொல்லக் கூடாது என்கிறது. ஆகவே பஞ்சு விலையும் வங்கிக் கடனும் மின்கட்டண பாக்கியும் இந்த விதிவிலக்குக்குள் நுழையாது. வேலைநிறுத்தம் அந்தப் பட்டியலில் இல்லை என்பது உண்மை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் ஆலை மூடப்பட்டதற்கு அந்த வேலைநிறுத்தமே நேரடிக் காரணம் என்பதையும், அது தன் கைமீறிய ஒன்று என்பதையும் நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலைநிறுத்தம் முடிந்து ஒன்றரை ஆண்டு நூல் நூற்று விற்ற நிறுவனம் அதை எப்படி நிரூபிக்கும்? மேலாளர் இந்த ‘மூன்று மாதம்’ என்பதை எழுத்தில் தரட்டும் என்று கேளுங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

யார் பொறுப்பு என்று அரசே உட்கார்ந்து விசாரித்திருக்க வேண்டிய இடமும் ஒன்று இருந்தது. 2022இல் நடப்பில் இருந்த சட்டப்படி, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த தொழிற்சாலையை மூட, 90 நாட்களுக்கு முன்பே அரசிடம் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மூடுவதற்குச் சொல்லும் காரணங்கள் உண்மையானவையா, போதுமானவையா என்று இரு தரப்பையும் கேட்ட பிறகே அனுமதி தருவார்கள். 160 பேர் இருந்த உங்கள் ஆலை அப்படி விண்ணப்பித்ததாக நீங்கள் அனுப்பிய தாள்களில் எந்தத் தடயமும் இல்லை. அனுமதி இல்லாமல் மூடியிருந்தால் அது சட்டவிரோத மூடல். ஆலை மூடப்படாதது போலவே எல்லாப் பலன்களுக்கும் தொழிலாளி உரியவர். இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் இந்த எல்லை 300 பேராக உயர்ந்துவிட்டது என்று யாராவது குழப்பினால் காதில் வாங்க வேண்டாம். உங்கள் ஆலை 2022இல் மூடப்பட்டது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கலைப்பில் பணம் பங்கிடும் முறை நம் வாய்க்கால் பாசனம் போன்றது; தலைமடையில் நிற்பவனுக்குப் பாய்ந்து மீந்தால்தான் கடைமடைக்கு வரும். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டப்படி, நடைமுறைச் செலவுகள் போக, கலைப்பு உத்தரவுக்கு முந்தைய 24 மாதங்களுக்கான தொழிலாளர் நிலுவை, சொத்தைப் பிணையமாகப் பெற்ற வங்கிகளுக்குச் சமமாகத் தலைமடையில் நிற்கிறது. அதற்கும் பழைய பாக்கி கடைமடைக்குத் தள்ளப்படும். உங்கள் உத்தரவு 2025 டிசம்பரில் வந்ததால், 24 மாதம் என்பது 2023 டிசம்பரில் தொடங்குகிறது. வேலை பார்த்தும் சம்பளம் வராத அந்த ஐந்து மாதங்களோ 2022இல் இருக்கின்றன. கலைப்புக்கு முன்னால் நடக்கும் திவால் தீர்வு நடவடிக்கையை அதிகபட்சம் 330 நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, வாய்தா மேல் வாய்தாவாக ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் தலைமடையிலிருந்து நழுவுகிறது என்பது சென்னையில் தீர்ப்பாயத்தில் தேதி குறிப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் மூடலே சட்டவிரோதமானது என்றால், 2023 டிசம்பர் முதல் கலைப்பு உத்தரவு வரையிலும் உங்களுக்குச் சம்பளம் உரியதாகிறது. அந்த 24 மாதமும் நிரம்புகிறது. ஆகவே கலைப்பாளரிடம், அதாவது சொத்தை விற்றுப் பங்கிடத் தீர்ப்பாயம் நியமித்தவரிடம், நீங்கள் தரும் கோரிக்கையில் இதை முதலாவதாகவும், மூடல் இழப்பீட்டையும் ஐந்து மாதப் பாக்கியையும் அதை அடுத்தும் எழுதுங்கள். கலைப்பாளர் மறுத்தால் அவருடைய முடிவு கைக்குக் கிடைத்த 14 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), ஓய்வூதிய நிதி, பணிக்கொடை (கிராஜுவிட்டி) நிதி ஆகியவற்றிலிருந்து தொழிலாளிக்கு வர வேண்டிய பணம் இந்த வரிசையிலேயே சேராது; அது கலைக்கப்படும் சொத்து ஆகாது என்று சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. உங்கள் பணிக்கொடை 14,300ஐ 26ஆல் வகுத்து, 15ஆலும் 19ஆலும் பெருக்கினால் 1,56,750 ரூபாய். வேலைநிறுத்தத்தைக் காட்டி இதை நிறுத்த முடியாது. வன்முறை போன்ற குறிப்பிட்ட குற்றங்களுக்காக உங்களைப் பணிநீக்கம் செய்திருந்தால்தான் பணிக்கொடை பறிபோகும்; உங்களுக்கு அப்படி ஓர் உத்தரவே வரவில்லை. பணிக்கொடைக்கென்று நிறுவனம் தனி நிதி வைக்கவில்லை என்று கலைப்பாளர் கையை விரிக்கலாம். திவாலான ஜெட் ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் வழக்கில் பி.எஃப்., பணிக்கொடை இரண்டையும் முழுமையாகத் தர வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதையும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததையும் அவருக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். ஆனால் அதே நிறுவனத்தையே 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. தீர்ப்பு வந்தாலே பணம் வந்துவிடும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல நான் விடமாட்டேன்.

இனி அந்த 5,000 ரூபாய்க்காரர். கலைப்பாளரிடம் கோரிக்கை தாக்கல் செய்யக் கட்டணம் இல்லை. பி.எஃப். அலுவலகத்திலும் இல்லை. இத்தகையவர்கள் முதலில் கேட்பது பி.எஃப். கணக்குக்கு உரிய உங்கள் யு.ஏ.என். எண்ணையும் ஓ.டி.பி.யையும். பிறகு கணக்கில் அவர்களுடைய கைபேசி எண் ஏறிவிடும். அதற்குப் பின் உங்கள் பணத்தை நீங்கள் எடுக்கவே அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டும். அடுத்து, வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அது நாளைக்கு ‘என் பாக்கி முழுவதையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ரசீதாகவோ, உங்கள் கோரிக்கையை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு விற்ற பத்திரமாகவோ மாறும். சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் வாங்கிய வங்கிக் கடனைத் தங்கள் தலையில் கட்டியதாகச் சொல்லித் திருமண்டங்குடிக் கரும்பு விவசாயிகள் மாதக்கணக்கில் போராடியதைப் பார்த்த பிறகும், படிக்காத தாளில் கையெழுத்துப் போடுகிறவர்களை என்ன செய்வது? பழைய மேலாளர் நீட்டும் ‘முழு இறுதித் தீர்வு’க் கடிதமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வழக்கறிஞர் வேண்டுமென்றால், தொழிற்சாலைத் தொழிலாளி என்ற ஒரே தகுதியில் உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் ஒரு மனு கொடுத்தால் போதும்.

‘கையெழுத்துப் போடாதே’ என்று சங்கத் தலைவர் சொல்வது மேலாளரின் கடிதத்துக்குப் பொருந்தும். கலைப்பாளரிடம் தரும் கோரிக்கைப் படிவத்துக்குப் பொருந்தாது. அதில் நீங்கள் கையெழுத்திட்டே ஆக வேண்டும். சங்கம் தன் உறுப்பினர்கள் சார்பில் திவால் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு சணல் ஆலை வழக்கில் சொல்லியிருப்பதால், 160 பேருக்கும் சேர்த்து உங்கள் சங்கம் கோரிக்கை தந்தால் நல்லதுதான். ஆனால் ஆலை மூடிய பிறகு சந்தா வராத சங்கங்களின் அலுவலகங்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே சங்கம் தந்தாலும் தராவிட்டாலும், உங்கள் பெயரில் தனியாக ஒன்றைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தீர்வு நடவடிக்கைக் காலத்தில் முன்பே கொடுத்திருந்தாலும் இப்போது மறுபடி கொடுங்கள்.

உங்கள் 19 ஆண்டுக் கணக்கில் 2021ஆம் ஆண்டை வெட்டப் பார்ப்பார்கள். ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அது முழு ஆண்டாகக் கொள்ளப்படும். 40 நாள் போனாலும் உங்களுக்கு அந்தக் கணக்கு எட்டும். சம்பளச் சீட்டு தொலைந்திருந்தால் வங்கிப் புத்தகத்தின் நகல், இ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். கணக்கின் விவரம் ஆகியவற்றை இணையுங்கள். பிடித்தம் செய்தும் செலுத்தப்படாத மாதங்களை மட்டும் தனித் தாளில் எழுதி, சம்பளச் சீட்டின் நகலோடு திருச்சி வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதன் இன்னொரு நகல் கலைப்பாளருக்கும் போக வேண்டும். கலைப்பு அறிவிப்பு ஒரு தமிழ் நாளிதழிலும் வந்திருக்கும். கோரிக்கை தருவதற்கான கடைசி நாள் அதில் இருக்கிறது.