பழைய புல்லட்டில் கரண்ட் கோளாறு: கேள்வி பதில்

கே: அண்ணே, 1988 மாடல் புல்லட் 350. காலையில் நன்றாகக் கிளம்புகிறது. கொஞ்ச தூரம் ஓடி சூடானதும் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி ஓடுகிறது. பிளக் மாற்றிவிட்டேன்.

ப: தம்பி, சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்டன்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்கும் சிறு டப்பி), அடுத்தது காயில் (பேட்டரி கரண்டைப் பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக்குவது). வண்டி நின்ற கையோடு பாருங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் நல்லதாகவே தெரியும். பாயிண்ட் என்பது காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்; அதன் மூடியைக் கழற்றி, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்துங்கள். ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்பியர் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். பாயிண்ட் மூடும்போது முள் மைனஸ் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லையா? ஒயர், ஃபியூஸ், சாவி சுவிட்ச், இல்லாவிட்டால் பாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கு. சாய்ந்தபடியே நிற்கிறதா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சரோ ஒயரோ எர்த் ஆகிறது, அதாவது கரண்ட் வண்டி உடம்பில் இறங்கிவிடுகிறது. முள் ஒழுங்காக ஆடியும், பாயிண்ட் திறக்கும் இடத்தில் பளிச் பளிச்சென்று பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் போச்சு. அது புதிதாகியும் பிளக்கில் கரண்ட் இல்லையென்றால் வேறு காயில் போட்டுப் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் சாவியை அணையுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் காயில் வழியாகக் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். காயிலும் வேகும், பேட்டரியும் இறங்கும்.

கே: பாயிண்ட் கேப் (இடைவெளி) எவ்வளவு சார்?

ப: முழுதாகத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மி.மீ. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், துகள் ஒட்டிக்கொள்ளும். கேப்பை மாற்றினால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) நகரும்.

கே: மழையில் மட்டும் நிற்கிறது.

ப: பிளக் மேல் மாட்டும் மூடி, ஒயர். இருட்டில் ஓடவிட்டுப் பாருங்கள், கரண்ட் வெளியே தாவுவது கண்ணுக்கே தெரியும்.

கே: ஆர்எக்ஸ் 100ல் ஸ்பார்க் வரவில்லை.

ப: அது சிடிஐ, பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன். அதில் கை பழகியவரைக் கேளுங்கள்.

கே: பாயிண்ட் கேப் எவ்வளவு?

ப: மேலே இருக்கிறது.

கே: எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறினால் இந்தத் தொல்லையே இல்லையே?

ப: தேய்மானம் இல்லை, டைமிங் நகராது, உண்மைதான். ஆனால் போனால் சொல்லாமல் போகும். பாயிண்ட் கெட்டால் வண்டி முதலில் இழுக்காது, வெடிக்கும், மக்கர் பண்ணும், அப்புறம்தான் நிற்கும். வழியில் துடைத்துவிட்டு வீடு வந்து சேரலாம்.

கே: நான் மாற்றி வருஷக்கணக்கில் ஓட்டுகிறேன், கையே வைக்கவில்லை. சும்மா பழைய பெருமை பேசாதீர்கள்.

ப: நல்ல யூனிட் அமைந்திருக்கிறது, ஓட்டுங்கள். நான் சொல்வது மூணாறு மலையில் நிற்கிறவனுக்கு. பேட்டரி இறங்கினால் சில யூனிட் பொறியே விடாது.

கே: அப்போ ஸ்பேர் யூனிட் ஒன்று பையில் வைக்கலாமே?

ப: வைக்கலாம். பாயிண்ட் செட்டும் கண்டன்சரும் அதைவிட எவ்வளவு மலிவு என்று கடையில் விசாரியுங்கள்.

கே: கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது ஐயா.

ப: டைமிங் அட்வான்ஸாக இருக்கிறது, பொறி முன்கூட்டியே விழுகிறது. கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட் நடுவில் சிகரெட் தாள் வைத்து இழுங்கள், வழுக்கி வரும் இடம்தான் அது. அதற்கு முன் ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னே தள்ளுவது) ஸ்பிரிங்கைப் பாருங்கள். தொய்ந்திருந்தால் என்ன டைமிங் வைத்தாலும் நிற்காது. சாவி அணைந்திருக்கட்டும்.