சாயங்கால வெயிலுக்கு ஃபில்டர் வேண்டுமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். பாம்பனில் சூரியன் இறங்குவதைப் படமெடுத்துப் பழகியவள். டிசம்பர் லீவில் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். அந்தியில் மலைப்பாறை மேல் விழும் செம்மஞ்சள் வெயிலை எடுக்க ஆசை. கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் கையில் உண்டு. மதுரையில் ஒரு கடையில் கிராஜுவேட்டட் ஃபில்டர் செட், போலரைசர், வைட் லென்ஸ் மூன்றும் கட்டாயம் வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வதெல்லாம் உங்கள் ஊர்க் கடற்கரைக்குப் பொருந்தும், மலைக்குப் பொருந்தாது.

கிராஜுவேட்டட் ஃபில்டரில் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி தெளிவு. பாம்பனில் கடலும் வானமும் சேரும் இடம் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு மாதிரி இருக்கும். அந்தக் கோட்டில் ஃபில்டரைப் பொருத்தினால் வேலை முடிந்தது. மலையில் அப்படி ஒரு கோடே கிடையாது. பாறை முகடு வானத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். வெயில் கடைசியாகத் தங்குவதும் அந்த முகட்டில்தான். ஃபில்டரின் கறுப்புப் பகுதி நேராக அதன் மேலேயே விழும். எதை எடுக்கப் போனீர்களோ அதையே மங்கலாக்கக் காசு கொடுப்பானேன்?

வானத்தின் நீலத்தை அழுத்தமாக்கும் ஃபில்டரான போலரைசர் நன்றாக வேலை செய்வது சூரியனுக்குப் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில் பார்க்கும்போது. வெயில் படிந்த பாறையை நேருக்கு நேர் எடுக்கையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தக் கோணத்தில் அது வானத்தில் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர. வைட் லென்ஸில் எடுத்தால் எதிர்ப்பக்கப் பாறை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: தூரத்தில் இருப்பதை அருகில் இழுக்கும் 55-250 அல்லது 70-300 மி.மீ. போன்ற ஜூம். பழையது கிடைத்தாலும் போதும்.

முதல் செலவு டிரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி. காற்றுக்கு ஆடாததாக, நடுக்கம்பியின் அடியில் பையைத் தொங்கவிடக் கொக்கி உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே அதன் கால்களை முழுக்க நீட்டி, மேலே கைவைத்து அழுத்திப் பாருங்கள். பூட்டு வழுக்கினால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். ஊர் திரும்பியபின் கடற்கரையில் பயன்படுத்தினால், அன்றைக்கே நல்ல தண்ணீரில் டிரைபாட் கால்களைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். உப்பு ஏறினால் பூட்டு இறுகிப்போகும்.

ஃபில்டர் செய்யும் வேலையை மூன்று படங்கள் செய்யும். பாறைக்கு ஒன்று, நிழல் விழுந்த பள்ளத்தாக்குக்கு ஒன்று, நடுவில் ஒன்று என வெளிச்ச அளவை மாற்றி எடுத்து, பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். இலவச மென்பொருளே போதும். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். கேமரா அந்தச் சிவப்பைத் தப்பு என்று நினைத்து வெளுத்துவிடும். வெயில் குறியில் வையுங்கள், பிறகு நிறத்தைத் திருத்த வசதியான RAW கோப்பாகவும் சேமியுங்கள். போன்தான் என்றால், திரையில் பாறையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள்.

இனி, கடையில் யாரும் சொல்லாத ஒன்று. டிசம்பர் தொடக்கம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அங்கேயும் பெய்யும். மேகம் இறங்கிவிட்டால் எதிர்ப்பக்கம் பாறை இருப்பதே தெரியாது. மழை ஓய்ந்து தூசி அடங்கிய பிறகு, தை பாதியிலிருந்து மாசி வரை காற்று தெளிவாக இருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் நீலம் வழியிலேயே சிதறிப்போகிறது, மீந்த சிவப்புதான் பாறைக்கு வந்து சேருகிறது. தூசியும் ஈரமும் மிகுந்தால் அந்தச் சிவப்பும் மங்கும். லீவை மாற்ற முடியாதென்றால் டிசம்பர் கடைசி வாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். மிச்சமாகும் 40,000-இல் அந்தச் செலவு ஒரு மூலைதான். ஒரே ஒரு மாலையை நம்பிப் போனால் மூடுபனி ஏமாற்றிவிடும்.

டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. நம் பக்கம் சுமார் 23 டிகிரி தெற்கே தள்ளி மறையும். ஆகவே மேற்கும் தென்மேற்கும் பார்த்த பாறைமுகம்தான் சிவக்கும். பகலிலேயே போய், போனில் உள்ள திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிடுங்கள். மேற்கே வேறு மலை மறைத்தால் வெயில் இன்னும் சீக்கிரம் போய்விடும். வனத்துறை இடங்களில் இருட்டும்வரை நிற்க விடமாட்டார்கள், நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்கு இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு அது வேண்டும்.

கேள்வி: கீழக்கரை. மச்சான் துபாயிலிருந்து 70-300 லென்ஸும் கேமராவும் வாங்கி வருவதாகச் சொல்கிறார், விலை குறைவாம். வாரண்டி இங்கே செல்லுமா?

பதில்: வாங்கும் முன்பே வாரண்டி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த நாட்டுக்கு என்று அதில் எழுதியிருக்கும். பல நிறுவனங்கள் கேமரா பாடிக்கு விற்ற நாட்டில் மட்டுமே வாரண்டி தருகின்றன. லென்ஸுக்குச் சில சமயம் உலகம் முழுதும் உண்டு. வளைகுடாவுக்கு மட்டும் என்றிருந்தால், இங்குள்ள சர்வீஸ் சென்டர் காசு வாங்கிக்கொண்டுதான் தொடும். விலையில் பத்து சதவீதம்தான் வித்தியாசம் என்றால் கேமராவை இங்கேயே வாங்குங்கள். லென்ஸை மச்சானிடம் சொல்லலாம், அதில் கெட்டுப்போக அவ்வளவு இல்லை. எதுவானாலும் அசல் பில் வேண்டும். அப்புறம், சார்ஜர் மூன்று சதுர முள் பிளக்கோடு வரும். கீழக்கரையில் அதற்கு அடாப்டர் இல்லாத வீடு ஏது!

கேள்வி: தேவிபட்டினம். ஆன்லைனில் ‘சன்செட் ஃபில்டர்’ வாங்கினேன். படம் முழுக்க ஊதா படிகிறது. கவரைப் பிரித்துவிட்டேன், ஆகவே திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பவர். விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம். பிரிக்காமல் ஃபில்டரை எப்படிச் சோதிப்பது? குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஒரே காட்சியை ஃபில்டரோடும் ஃபில்டர் இல்லாமலும் எடுத்து, இரண்டு படங்களையும் விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்துக்கொண்டு முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். அதற்கும் மேலே போகவேண்டி வந்தால் ராமநாதபுரத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்தில் வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சில நூறு ரூபாய் ஃபில்டருக்கு அதுவரை போவீர்களா என்பது உங்கள் பாடு. பெரும்பாலும் 1915-லேயே ஆள் வழிக்கு வருவார்.

கேள்வி: தொண்டியில் ஒருவர் பழைய ஜூம் லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார். கடற்கரை ஊர்ப் பொருளை வாங்கலாமா?

பதில்: பார்த்து வாங்கலாம். இருட்டறையில் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. பாதி விலை என்ன, கால் விலைக்கும் வேண்டாம். அருகில் வைத்த மற்ற லென்ஸும் ஆபத்தில். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. ஜூம் வளையத்தைத் திருப்பும்போது நறநறவென்றால் மணலும் உப்பும் உள்ளே போயிருக்கிறது.

வாங்கினால் தோல் பையில் பூட்டி பீரோவில் வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதுவே வீடு. காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் போட்டு, ஈரம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அரிசியில் புதைப்பவர்கள் உண்டு, அந்தத் தூள் ஜூம் இடுக்கில் போய்விடும். மலையிலிருந்து இறங்கி வரும்போது குளிர்ந்த லென்ஸை ஜிப் கவரில் போட்டு மூடி, வீட்டுச் சூட்டுக்கு வந்த பிறகே திறங்கள்.