ஜிக்கில் நூல் பிரிகிறதா? பசையை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிறேன். 10 கிராம் ஈயத் தலையில் வெள்ளாட்டு முடி வைத்து விராலுக்கு ஜிக் (ஈயத் தலை வார்த்த தூண்டில் முள்ளில் முடி கட்டிய செயற்கை இரை) கட்டுகிறேன். எம்ப்ராய்டரி நூலைச் சுற்றி, கடைசியில் ஐந்தாறு முடிச்சுப் போட்டு, மேலே சூப்பர் குளூ விடுகிறேன். இரண்டு மீன் கடித்ததும் நூல் பிரிந்து முடி கொத்தாக வந்துவிடுகிறது. எந்தப் பசை வாங்கினால் நிற்கும்?

பதில்: பசையை மாற்ற வேண்டாமுங்க. இப்போது கையில் இருப்பதே போதும். முடியைப் பிடித்து நிறுத்துவது நூலின் இறுக்கம். அந்த இறுக்கம் தளராமல் காப்பதுதான் பசையின் வேலை. தளர்ந்த கட்டின் மேல் பசை விட்டால் அது முட்டை ஓடு மாதிரி மேலேயே காய்ந்து நிற்கும். சூப்பர் குளூ காய்ந்தால் கெட்டிதான், ஆனால் நொறுங்குகிற கெட்டி. விரால் ஒரு தடவை நெரித்தாலோ, காவிரிப் பாறையில் ஒரு தடவை மோதினாலோ ஓடு விண்டுவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கிற நூல் தானாகவே அவிழும்.

முதலில் அந்த ஐந்தாறு முடிச்சு. ஒற்றை முடிச்சு ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை போட்டாலும் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுற்றின் உராய்வில்தான் நிற்கிறது. வழவழப்பான நூலில் கடைசி முடிச்சு நழுவினால் அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாம் நழுவும். போதாததற்கு அந்த முடிச்சுகள் குமிழாகத் திரண்டு நிற்பதால் மீனின் பல் நேராக அங்கேதான் படுகிறது. நூலின் முனையை ஆறேழு சுற்றுக்கு அடியில் புதைத்து முடிப்பதுதான் நிற்கும். அதற்குக் கருவியே தேவையில்லை. தனியாக ஒரு சாண் நூலை இரண்டாக மடித்து, மடிப்பு ஈயத் தலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி கழுத்தின்மேல், அதாவது தலைக்குப் பின்னால் நூல் சுற்றுகிற ஒடுங்கிய இடத்தின்மேல், படுக்க வையுங்கள். அதன்மேல் கட்டு நூலை ஆறு சுற்று நெருக்கமாகச் சுற்றுங்கள். கட்டு நூலை அறுத்து, முனையை அந்த மடிப்புக்குள் நுழைத்து, மடித்த நூலின் இரண்டு வாலையும் பிடித்து வெளியே இழுங்கள். முனை ஆறு சுற்றுக்கும் அடியில் போய் மறுபக்கம் வந்துவிடும். இறுக்கி இழுத்து ஒட்ட நறுக்குங்கள். தூண்டில் கம்பில் வளையம் கட்டுகிறவர்கள் முடிப்பதும் இப்படித்தான். நறுக்குவதற்கு முன் இதே மாதிரி இன்னொரு முறை செய்ய நூல் விட்டு வைத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது நூல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் போவதும் ஏமாறுவதும் இங்கேதான். எம்ப்ராய்டரி நூலில் இரண்டு வகை உண்டு, பாலியஸ்டர், விஸ்கோஸ் (ரேயான்). கோனில், அதாவது நூல் சுற்றி வருகிற கூம்பில், பார்த்தால் இரண்டும் ஒரே பளபளப்பு, இரண்டும் பெரும்பாலும் 120 டெனியர் (நூலின் பருமனைச் சொல்லும் அளவு) இரண்டிழைதான். துணியில் இரண்டும் நன்றாகவே உழைக்கும். தண்ணீரில்தான் குட்டு வெளிப்படும். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலுவில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். வீட்டில் இறுக்கிக் கட்டும்போது நின்ற நூல் பவானிசாகர் தண்ணீரில் அறுவதற்குக் காரணம் இதுதான்.

சோதிப்பது எளிது. ஒரு முழம் நூல் எடுத்து, நடுவில் ஓர் அங்குலம் மட்டும் விரலால் நனைத்து, இரண்டு முனையையும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே பொதுக்கென்று அறுந்தால் விஸ்கோஸ். சந்தேகம் தீரவில்லையா, நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். பாலியஸ்டர் சுருங்கி உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். விஸ்கோஸ் காகிதம் மாதிரி எரிந்து, காகித வாசனையோடு மெத்தென்ற சாம்பலாகும். உருகும் மணியைக் கையால் தொட்டுவிடாதீர்கள், தோலோடு ஒட்டிச் சுடும்.

இந்தச் சோதனையை வற்புறுத்துவதற்குக் காரணம் நடுவில் நின்று விற்கிறவர்கள். திருப்பூரிலும் ஈரோட்டிலும் மீதிச் சரக்காக வருகிற கோனைச் சின்ன உருளைகளில் 50 மீட்டர், 100 மீட்டராகச் சுற்றி, 'ஜிக் கட்டும் இம்போர்ட் நூல்' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தூண்டில் சாமான்களோடு விற்கிறார்கள். கோனின் உள்பக்கம் இருந்த லேபிள் அதற்குள் போய்விட்டிருக்கும். எந்த இழை, எத்தனை டெனியர் என்று கேட்டால் பதில் வராது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: இறக்குமதிச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாடு, எவ்வளவு அளவு, அதிகபட்ச விலை எல்லாம் பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. பெட்ரோல் பங்க்கிலும் தராசிலும் முத்திரை பார்ப்பதோடு நின்றுவிட்டால் இந்தச் சின்ன உருளையை யார் பார்ப்பது? நூலுக்கே பேர்போன சீமையில் இருந்துகொண்டு, பக்கத்து ஊர் நூலை வெளிநாட்டு நூல் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பாலியஸ்டர் எம்ப்ராய்டரி கோன் 5000 மீட்டர் வரும். ஒரு ஜிக்குக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் நூல் போகும். லேபிள் இருக்கிற கோனாகக் கேட்டு வாங்குங்கள், நாலு பேர் பங்கு போட்டுக்கொண்டாலும் வருடக்கணக்கில் வரும்.

இனிக் கட்டு. வார்த்தெடுத்த ஈயத் தலையின் கழுத்தில் அச்சு சேரும் இடத்தில் ஒரு பிசிறு இருக்கும். நகத்தால் தடவினாலே தட்டும். அது கத்தி மாதிரி, உள்ளேயிருந்தே நூலை அறுக்கும். சின்ன அரத்தால் தேய்த்து, தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. ஈயத் தூள் விஷம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நூலைப் பல்லால் கடிக்காதீர்கள்.

கட்டுவதற்கு முன், நூலை எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று நாலைந்து தடவை வேண்டுமென்றே அறுத்துப் பாருங்கள். கட்டும்போது அந்த இழுவையில் முக்கால் பங்கு கடைசி வரை குறையாமல் இருக்க வேண்டும். வெறும் கழுத்தில் முதலில் 15 முதல் 20 சுற்று நெருக்கமாகப் போடுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். வழவழப்பான ஈயத்தின்மேல் முடியை நேராக வைத்தால் கட்டு மொத்தமாகச் சுழலும். இந்த அடிச்சுற்றில் ஒரு துளி சூப்பர் குளூவை ஊசி முனையால் தடவி, அது காய்வதற்குள் முடியை வையுங்கள்.

முடியை ஒரே கொத்தாக வைக்காதீர்கள். ஆட்டு முடி வழுக்கும், கொத்தின் நடுவில் இருக்கிற முடியை நூல் தொடவே தொடாது. முதலில் உருவிக்கொண்டு வருவது அதுதான். தீக்குச்சிப் பருமனில் நாலு பிடியாகப் பிரித்து, கழுத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக வைத்து, இரண்டு சுற்று லேசாக, மூன்றாவது சுற்றை இழுத்து இறுக்கி, மேலும் ஐந்து சுற்று போடுங்கள். நாலும் வைத்தபின் அடிமுனைகளைச் சாய்வாக நறுக்கி, அந்த நறுக்கிய முனைகளில் ஒரு துளி பசை. அதன்மேல் 12 முதல் 15 சுற்று மூடி, மேலே சொன்னபடி முனையைப் புதைத்து முடியுங்கள். வெளியே நகப்பாலிஷ், மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவே இருபது நிமிடம். ராத்திரி முழுக்கக் காயட்டும். சின்ன டார்ச்சோடு விற்கிற ஒளிப்பசையை மட்டும் நம்ப வேண்டாம், வெளிச்சம் எட்டாத உள்நூலில் அது காயாது.

ஒரு விலக்கு உண்டு. முடிக்குப் பதிலாகக் கோழியின் மெத்தென்ற தூவியோ சேவலின் கழுத்து இறகின் அடிப்பஞ்சோ கட்டினால், தூவி வைத்தபின் சூப்பர் குளூ ஒரு துளிகூட வேண்டாம். அது தண்ணீரைவிட வேகமாகத் தூவிக்குள் ஏறி ஒரு விரல் நீளத்துக்கு விறைக்க வைத்துவிடும். தண்ணீரில் அலையாத தூவியை மீன் திரும்பியும் பார்க்காது. அடிச்சுற்றில் தடவுவதுகூட முழுதும் காய்ந்தபின்தான் தூவியை வைக்க வேண்டும். மேல் பூச்சுக்குப் புது நகப்பாலிஷ் எடுத்தால் அதுவும் தூவிக்குள் ஏறும். அதனால் பழசாகிக் கொழகொழத்ததை ஊசியால் எடுத்து, நூலின்மேல் மட்டும், தூவியைக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு அல்ல, மேல்நோக்கி நிறுத்திப் பூசுங்கள். தூவிக்குப் பசையின் துணை குறைவு என்பதால், முனை புதைப்பதை அங்கே கட்டாயம் இரண்டு முறை செய்ய வேண்டும்.

காய்ந்ததும் ஜிக்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு முள்ளை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, நாலைந்து முடியை விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். ஒன்றிரண்டு முடி அறுந்து வந்தால் சரி. அடிமுனையோடு முழுசாக உருவி வந்தால் இறுக்கம் போதவில்லை. மேலே பசை விட்டு ஒப்பேற்றாமல், பிளேடால் நூலை அறுத்தெடுத்துவிட்டு அடிச்சுற்றிலிருந்து மறுபடி கட்டுங்கள்.