பதில்: ஏழாம் வகுப்புக் கணக்கு வகுப்புக்கு 15 விதிகள் வேண்டுமா?

வணக்கம். 15 விதிகளைச் சுவரில் ஒட்டியும் பிள்ளைகள் விடையைக் கத்துகிறார்கள், வீட்டுப்பாடத்தில் வெறும் விடை மட்டும் எழுதி வருகிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள்.

முதலில் பட்டியலை நான்காகக் குறையுங்கள். "ஒழுக்கமாக இரு" என்பதை எடுத்துவிடலாம். என்ன செய்யவேண்டும் என்றே அதில் இல்லை.

வேகத்தைப் பாராட்டினால் பிள்ளைகள் கத்தத்தான் செய்வார்கள். அறிவியல் வகுப்புகளைக் கவனித்த அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் எழுதினார். 3 விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, தயங்கியவர்களும் பேசினார்கள். கணக்குக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கொடுங்கள். அதுவரை யாரும் கைதூக்க வேண்டாம், நோட்டில் எழுதட்டும்.

அப்புறம், 5 மதிப்பெண்ணில் வழிமுறைக்கு 4, விடைக்கு 1 என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவறை ரப்பரால் அழிக்கக் கூடாது; ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திருத்தட்டும். எனக்கு இதுதான் மிக முக்கியமான விதி. 1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவியின் நோட்டில் இருந்தால்தான், மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே கூட்டியிருக்கிறாள் என்று தெரியும். அழித்துவிட்டால் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

தாமதமான வீட்டுப்பாடத்துக்கு ஒருநாள் அவகாசம் போதும். முதல் வாரம் கரும்பலகையில் நீங்களே ஒரு கணக்கை இந்த விதிப்படி போட்டுக் காட்டுங்கள்.